மூன்றாம் பெரட்டு

எங்கள் ஏடு ஏன் நின்றுபோனது என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. அதை நடத்தியவர்கள் இரண்டு பேர் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். எண்பதுகளின் கடைசியில் ஈப்போவில் ஓர் இலக்கியக் கூட்டம் நடந்தது. அந்த இருவரில் ஒருவர் மேடையேறி, "நானும் என் நண்பரும் ஓய்வு நேரத்தில் ஏழு ஆண்டுகள் ஒரு சைக்ளோஸ்டைல் ஏடு நடத்தினோம். காலம் அனுமதிக்கவில்லை, நின்றுவிட்டது" என்றார். கைதட்டினார்கள். நான் நான்காவது வரிசையில், காற்றாடிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தேன். காலத்தின் மேல் பழியைப் போடுவது எவ்வளவு சுலபம். அதற்கு வாயா இருக்கிறது, மறுத்துப் பேச? ஏட்டை நிறுத்தியது காலம் இல்லை. கடைசியில் நிறுத்தியது நான்தான். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை.

நாங்கள் மூன்று பேரும் கோப்பெங் பக்கத்தில் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். துரைமார்கள் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். ஆயர் தாவாருக்கு எண்ணெய்ப்பனை வேலைக்குப் போனவர்கள் கொஞ்சம் பேர், கடலோரத்துக்குப் போனவர்கள் கொஞ்சம் பேர். எங்கே போகிறோம் என்று சொல்லாமலே போனவர்கள்தான் அதிகம். எழுபதுகளின் நடுவில் நாங்கள் மூவரும் ஈப்போவில் ஆளுக்கொரு மூலையில் இருந்தோம். ஒருவர் தமிழ்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியர். அவரை வாத்தியார் என்றே சொல்கிறேன். இன்னொருவர் பஸ் கம்பெனியில் டிக்கெட் கவுண்டரில் இருந்தார். நான் மாதா கோயில் அலுவலகத்தில் கிராணி, எழுத்து வேலை.

யோசனை பஸ்காரருடையது. ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்து வாசலிலேயே நின்றுகொண்டு புலம்பினார்.

"தங்கச்சி, ஒரு நாளைக்கு நாலு பேராச்சும் கவுண்டருக்கு வந்து கேக்குறாங்க, அந்த லயத்துக்காரங்க எங்க, இந்த லயத்துக்காரங்க எங்கன்னு. நான் டிக்கெட் கிழிக்கிறதா, இவங்களுக்குப் பதில் சொல்றதா? ரொம்ப சூசா லா, தொந்தரவு தாங்கல. எல்லாத்தையும் ஒரு தாள்ல போட்டுக் குடுத்துட்டா என்ன?"

அவர் கண் என் முதுகுக்குப் பின்னால் இருந்த சைக்ளோஸ்டைல் இயந்திரத்தின் மேல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அறிக்கையை நான் சனிக்கிழமை காலையில் சுற்றி முடித்துவிடுவேன். மத்தியானத்துக்கு மேல் அது சும்மா கிடக்கும். பாதரிடம் கேட்டேன். தாளையும் மையையும் நீங்களே வாங்கிக்கொள்வதானால் சரி என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது.

வாத்தியார் எழுதுவார். பஸ்காரர் கட்டுகளைக் கண்டக்டர்களிடம் கொடுத்து அனுப்புவார். முடிவெட்டும் கடை, மளிகைக்கடை, கோயில் வாசல் என்று கண்டக்டர்கள் இறக்கிவிட்டுப் போவார்கள். மற்றதெல்லாம் என் வேலை. தமிழ்த் தட்டச்சுக்கு நாங்கள் எங்கே போவது? ஏழு வருஷமும் ஒவ்வோர் எழுத்தையும் நான்தான் கையால் ஸ்டென்சிலில் வெட்டினேன். மெழுகு பூசிய மெல்லிய தாள் அது. முள் பேனாவால் அதன் மேல் எழுதினால் மெழுகு விலகும், அந்த வழியாக மை கசிந்து தாளில் பதியும். தமிழில் எதை எடுத்தாலும் சுழி. சுழியை முழுதாக மூடினால் நடு வட்டம் பிய்ந்து விழுந்து அச்சில் கறுப்புப் பொட்டாகிவிடும். முதல் இதழ் முழுக்க அம்மை போட்ட முகம் மாதிரி வந்தது. அதற்குப் பிறகு சுழியை மூடாமல் ஒரு மயிரிழை இடம் விட்டு எழுதப் பழகினேன். அந்தப் பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டது. ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதினாலும் வாய் திறந்த சுழிகள்தான். "உன் எழுத்துக்கெல்லாம் கொட்டாவியா?" என்று பாதர் கேலி செய்வார்.

முதல் பக்கத்தில் ஆசிரியர் என்று வாத்தியார் பெயரும், நிர்வாகி என்று பஸ்காரர் பெயரும் இருக்கும். என் பெயர் எங்கும் இருக்காது. அது ஆரம்பத்திலேயே பேசி முடிவானது. பேசியவர்கள் அவர்கள், முடிவானது எனக்கு. "கல்யாணம் ஆகாத பொண்ணு. ரெண்டு ஆம்பளைங்க பேரோட உன் பேரையும் போட்டா, நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க தங்கச்சி. உன் நல்லதுக்குத்தான்." நானும் தலையாட்டினேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. என் நல்லதை மற்றவர்கள் தீர்மானிப்பது பழகிப்போயிருந்தது.

ஆனால் ஒரு பக்கம் என்னுடையது. தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிற்க வைத்துப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்போம். கிராணி கூப்பிடுவார், இருப்பவர்கள் குரல் கொடுக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் மூன்று பெரட்டுக்குக் குரல் வராவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள். அந்தப் பெயரையே கடைசிப் பக்கத்துக்கு வைத்தேன். யாரைத் தேடுகிறார்களோ அவர்கள் பெயர், இருந்த லயம், வீட்டு எண். எதிரே ஒரு கோடு. பதில் வந்தால் அடுத்த இதழில் கோட்டுக்குப் பதிலாக ஊர்ப் பெயர். மூன்று இதழ் கூப்பிட்டும் பதில் இல்லை என்றால் பேரை எடுத்துவிடுவோம். இடம் போதாமல் நான் வைத்த விதி அது. எங்கள் ஆட்களுக்கு விளக்கம் சொல்லத் தேவையே இருக்கவில்லை. மூன்று பெரட்டு என்றால் என்ன என்று அவர்கள் எலும்புக்கே தெரியும்.

எல்லாரும் ஏட்டை வாங்கியதும் பின்பக்கம்தான் திருப்புவார்கள். வாத்தியார் நிலாவைப் பற்றியும் வியர்வையைப் பற்றியும் எழுதிய கவிதைகளில் காய்கறி மடித்ததை நானே பாசாரில் பார்த்திருக்கிறேன். அவருக்கும் அது தெரியும். அந்தப் பக்கத்தின் மேல் அவருக்கு ஒரு எரிச்சல் உண்டு. "நாம இலக்கியம் செய்றோமா, இல்ல காணாமப் போனவங்க பட்டியல் போடுறோமா?" என்று அடிக்கடி கேட்பார். பஸ்காரர் சிரித்துக்கொண்டே, "ரெண்டும் ஒண்ணுதான் மச்சான், உன் கவிதையும் பாதி வழியில காணாமத்தானே போகுது" என்பார். அவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களால் எனக்கு வந்த கேடு கொஞ்சம் இல்லை.

ஏழாம் வருஷம் ஆயர் தாவாரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரு அம்மாள் சொல்லச் சொல்ல மகள் எழுதியது. அம்மாளின் அக்காவைத் தேடுகிறார்கள். அக்கா புருஷனுக்குச் சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை இல்லாதவர். வேலை போனதும் குடும்பத்தோடு கிளம்பியவர்கள், பத்து வருஷத்துக்கு மேலாக ஒரு தகவலும் இல்லை. கடிதத்தின் கடைசி வரிகளை நான் மறக்கவில்லை. "எனக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் பெரியம்மா இருக்கிறார்களா இல்லையா என்று அம்மாவுக்குத் தெரிந்தாக வேண்டும். பூவாடைக்காரிக்குப் படையல் போட வேண்டும்."

நான் கிறிஸ்தவப் பெண், எனக்கு அது புரியவில்லை. பஸ்காரர்தான் விளக்கினார். அவர்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால், குடும்பத்தில் பூவோடும் பொட்டோடும் செத்துப்போன பெண்களைக் கும்பிட்டு, புதுச் சேலை வைத்துப் படைப்பார்கள். செத்தவளை விட்டுவிட்டால் அவள் கோபித்துக்கொள்வாள். உயிரோடு இருப்பவளைச் சேர்த்துவிட்டால் அதைவிடப் பெரிய பாவம். "அதான் அந்தம்மா தவிக்குது" என்றார்.

இரண்டு பெரட்டில் கூப்பிட்டோம். பதில் இல்லை. மூன்றாவதுக்கு ஸ்டென்சில் வாங்கி வைத்திருந்த வாரத்தில் பதில் வந்துவிட்டது. ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து. அக்கா உயிரோடு இருக்கிறாள். தேங்காய் உரிக்கும் இடத்தில் யாரோ எங்கள் ஏட்டை வாசிக்கக் கேட்டிருக்கிறாள். "என் தங்கச்சி கூப்பிட்டது என் காதில் விழுந்தது. கல்யாணம் எந்தத் தேதி என்று சொன்னால் வந்துவிடுவேன். தங்கச்சிக்குக் கோபம் இல்லையே?" என்று யார் கையாலோ எழுதி வாங்கி அனுப்பியிருந்தாள். அதை வாசித்துவிட்டு நான் எழுந்து இயந்திரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சனிக்கிழமைதான் இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். வழக்கமாகத் தனித்தனியாக வருவார்கள். வாத்தியார் கையில் நான்கு பக்கம் எழுதிய தாள்.

"இதுதான் கடைசி இதழ், தங்கச்சி. நாங்க பேசி முடிச்சிட்டோம்" என்றார்.

எங்கே பேசினார்கள் என்று கேட்டேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கோப்பிக்கடையில். நான் கால் வைக்காத இடம். வாத்தியாருக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. பெர்மிட் இல்லாமல் ஏடு நடத்துவது அரசாங்க ஆளுக்கு ஆபத்து. பஸ்காரருக்குப் பினாங்குக்கு மாற்றல். ஏழு வருஷமாக இல்லாத ஆபத்து. இருந்தாலும் நான் சண்டை போடவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு உண்டு என்பதைப் புரிந்துகொள்ள முடியாதவள் இல்லை நான். என்னையும் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

பிறகு அந்த நான்கு பக்கத்தை வாசித்தேன். விடைபெறும் உரை. அதில் எல்லாருக்கும் நன்றி இருந்தது. கண்டக்டர்களுக்கு, முடிவெட்டும் கடைக்காரர்களுக்கு, தாள் விற்ற சீனக் கடை முதலாளிக்கு, இயந்திரம் கொடுத்த பாதருக்கு. மை காயும்வரை தாள்கள் பறக்காமலிருக்க ஆற்றங்கரையில் பொறுக்கி வந்த கற்களைப் பற்றிக்கூட அழகாக ஒரு வரி இருந்தது. கல்லுக்கு நன்றி சொல்லியிருந்தார். நான் இல்லை.

இரண்டாவது தடவையும் வாசித்தேன். ஒருவேளை தவறவிட்டிருப்பேன் என்று நினைத்தேன். பிறகு, "அண்ணே, இதுல நான் எங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது. அதுதான் எனக்கு இன்றுவரை ஆத்திரம்.

வாத்தியார் நிஜமாகவே திகைத்துப் போனார். "நீ நம்ம வீட்டு ஆளு மாதிரி. வீட்டு ஆளுக்கு யாராச்சும் நன்றி சொல்வாங்களா? அதோட, உன் பேர் போட வேணாம்னு அப்பவே பேசிட்டோமே."

"தங்கச்சின்னு ஒரு வார்த்த போடலாம் லா மச்சான்" என்று பஸ்காரர் முனகினார்.

"எந்தத் தங்கச்சின்னு கேப்பாங்க. தேவையா?" என்றார் வாத்தியார். பிறகு பேச்சை மாற்றுவது போல, "இன்னொண்ணு. உரை நாலு பக்கம் வருது. அதனால இந்தத் தடவ பெரட்டு வேணாம்" என்றார்.

நான் ஆயர் தாவார் கடிதத்தைக் காட்டினேன். பதில் வந்திருக்கிறது என்றேன். அதோடு வேறு இரண்டு பதில்களும் இருந்தன. வாத்தியார், "நீயே அவங்களுக்குக் கடுதாசி போட்டுடேன், அஞ்சு நிமிச வேலை" என்றார். அது நியாயமான பேச்சு. அது நியாயமாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஏழு வருஷத்தில் எதுவுமே அவருக்கு அஞ்சு நிமிஷ வேலைதான். வெட்டுவது நான், சுற்றுவது நான், மையில் ஊறிய விரலோடு நற்கருணைக்குப் போய் நிற்பது நான்.

"என்னால வெட்ட முடியாது" என்றேன். "வேற ஆளப் பாத்துக்குங்க."

வேறு ஆள் இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். வாத்தியார் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கோபம் ஆறட்டும், அடுத்த வாரம் வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான் ஸ்டென்சில்களையும், அந்த மூன்று பதில்களையும் ஒரு கவரில் போட்டு மேசையின் அடி டிராயருக்குள் தள்ளினேன். கடிதம் போடவில்லை. ஏன் போடவில்லை என்று பல வருஷம் பல விதமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். உண்மை இதுதான். அந்தப் பதில்கள் டிராயரில் இருக்கும்வரை அவர்களுக்கு நான் வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த வாரம் வருவார்கள், மன்னிப்புக் கேட்பார்கள், நான் கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பிறகு உட்கார்ந்து வெட்டுவேன். மூன்றாம் பெரட்டு வெளிவரும். அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

அவர்கள் வரவில்லை. பஸ்காரர் பினாங்குக்குப் போய்விட்டார். வாத்தியார் புதுப் பள்ளிக்கூடம், புது மோட்டார் சைக்கிள் என்று ஆகிவிட்டார். ஒரு நாள் பாசாரில் பார்த்தபோது, "எப்படி இருக்கே தங்கச்சி?" என்று சிரித்தார். கடைசி இதழ் என்ற ஒன்று வரவேண்டியிருந்ததையே மறந்துவிட்டார் என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. நான் வீம்பு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவர்களுக்குத் தெரியவே இல்லை.

நான்கு மாதம் போனது. தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். இரண்டு பேர் மேல் கோபம் என்று ஆரம்பித்து, அவர்கள் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். என் பாவத்தைவிட அவர்கள் பாவம்தான் அன்று அதிகம் ஒப்பிக்கப்பட்டது. பாதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கோவத்துல நீ என்ன செஞ்சே?" என்றார்.

"ஒண்ணும் செய்யல பாதர்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. எழுந்து நேராக அலுவலகத்துக்குப் போய் டிராயரைத் திறந்தேன்.

மற்ற இரண்டு பதில்களையும் அன்றே தபாலில் போட்டேன். ஆயர் தாவாருக்கு மட்டும் நேரில் போவது என்று முடிவு செய்தேன். கல்யாணம் முடிந்திருக்கும் என்று தெரியும். இருந்தாலும் நல்ல செய்தி தானே, கொஞ்சம் தாமதமான நல்ல செய்தி என்று பஸ்ஸில் முழு வழியும் சொல்லிக்கொண்டே போனேன்.

எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக் கடைசி வரிசை வீடு. அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். மஞ்சள் நிறத்தில், கசங்காத புதுச் சேலை கட்டியிருந்தார். "சேல நல்லா இருக்குக்கா" என்றேன், பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல்.

"சாமிக்கு வச்ச சேல. வீட்டுல ஒருத்தி கட்டணும், மக கல்யாணமாயிப் போயிட்டா, அதான் நான் கட்டிக்கிட்டேன்" என்றார். "உக்காரும்மா. எங்கேருந்து வாரே?"

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். இரண்டு பெண்கள் தோள் உரசி நின்ற பழைய படமாக இருந்திருக்க வேண்டும். அதில் ஒரு பாதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிச் சட்டம் போட்டிருந்தார்கள். குங்குமம் வைத்து, பூச்சரம் போட்டிருந்தது. பூ காய்ந்திருந்தது. ஓரத்தில் வெட்டுப்படாத இன்னொருத்தியின் விரல் நுனிகள் தெரிந்தன.

ஏட்டுக்கு வந்த பதில் என்று சொல்லிக் கடிதத்தை எடுத்தேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. நானே வாசித்துக் காட்டினேன். தங்கச்சிக்குக் கோபம் இல்லையே என்ற இடத்தை இரண்டு தடவை வாசித்தேன். அவர் அழவில்லை. சேலைத் தலைப்பை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார்.

"மூணாவது பெரட்டுக்குக் காத்திருந்தேன்மா" என்றார். "தாளே வரல. சரி, பேர வெட்டிட்டாங்க, ஆள் இல்லன்னு தெரிஞ்சுதான் சொல்ல மனசில்லாம விட்டுட்டாங்கன்னு நெனச்சேன். வீட்டுல பெரியவங்களும் அதத்தான் சொன்னாங்க. அவ பேரச் சொல்லி மூணு தரம் கூப்பிட்டுப் படையல் போட்டேன்."

நான் கடிதத்தை உறைக்குள் போட்டு அவர் பக்கமாக வைத்தேன்.

"நான் இனிமே அவகிட்டப் போயி என்னன்னு சொல்லுவேன்? உயிரோட இருக்கிறவளுக்கு நான் சேல வச்சுக் கும்பிட்டுட்டேன்னா?" என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை, படத்தைக் கேட்டார். பிறகு எழுந்து போய், நாற்காலியில் ஏறி, அந்தக் காய்ந்த பூவைக் கழற்றினார். குங்குமத்தைத் தலைப்பால் துடைத்தார். கண்ணாடியில் சிவப்பு இழுபட்டு நின்றது.

"அவ வெலாசத்த எழுதிக் குடும்மா. மருமகன் வந்தா கூட்டிட்டுப் போகச் சொல்றேன்."

கைப்பையிலிருந்து தாள் எடுத்து எழுதிக் கொடுத்தேன். ஊர்ப் பெயரை எழுதும்போது அவர் குனிந்து பார்த்தார். தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர், எங்கள் ஏடுகளை எடுத்து வந்தார். எல்லா இதழும் இருந்தன. சணல் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார். ஒன்றை உருவி, நான் எழுதிய தாளை அதன் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வொரு சுழியாகத் தடவினார்.

"இந்த வாய் தொறந்த எழுத்து" என்றார். "எனக்குப் படிக்கத் தெரியாதும்மா, ஆனா இத எங்க பாத்தாலும் தெரியும். மக வாசிக்க வாசிக்க நான் எழுத்தப் பாத்துக்கிட்டே இருப்பேன். யாரோ பொறுமையா உக்காந்து எழுதுறாங்கன்னு சொல்லுவேன். நீங்கதானா அது?"

அதுவரை நீ என்று பேசியவர், நீங்கள் என்றார். ஏழு வருஷம் நான் ஏங்கிக் கிடந்த கேள்வி. அந்த ஒரு கேள்விக்காகத்தான் அத்தனையும் செய்தேன்.

"ஆமாக்கா, நான்தான்."

அவர் அக்காவின் கடிதத்தைக் கையில் எடுத்தார். உறையைத் திருப்பி, தபால் முத்திரையைக் காட்டினார். எண்கள் அவருக்குத் தெரியும்.

"அப்ப, இத்தன மாசமா இது உங்ககிட்டதான் இருந்துச்சா?" என்று கேட்டார்.

அதற்கும் நான் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.